கௌபாய் காதல் கதைகளில் ரான்ச் ஏன் எப்போதும் உயிலில் வருகிறது?

கதை பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். அமெரிக்காவின் மொன்டானாவிலோ வயோமிங்கிலோ ஒரு ரான்ச், அதாவது பரந்த மேய்ச்சல் நிலத்தோடு கூடிய மாட்டுப் பண்ணை. பதினெட்டு வயதில் வீட்டைவிட்டுப் போன மகனுக்கு இப்போது முப்பது தாண்டிவிட்டது, ஏதோ ஒரு நகரத்தில் வேலை பார்க்கிறான், அப்பா இறந்த செய்தி வக்கீல் வழியாக வருகிறது. ரான்ச் அவன் பேருக்கு எழுதப்பட்டிருக்கிறது, அல்லது பாதி அவனுக்கும் மீதி பாதி அங்கே வேலை பார்க்கும் மேஸ்திரிக்கும். விற்றுக் காசாக்கிவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் வருகிறான். வந்து பார்த்தால் அந்த மேஸ்திரி பள்ளியில் கூடப் படித்தவன், ஒரு காலத்தில் இவனுக்கு எல்லாமாக இருந்தவன். அப்புறம் பனி, மாடு கன்று ஈனும் பருவம், வங்கிக் கடன், அக்கா தம்பிச் சண்டை எல்லாம் தாண்டி, கடைசியில் இரண்டு ஆண்களும் அந்த வீட்டிலேயே சேர்ந்து வாழ்கிறார்கள்.

ஆங்கிலத்தில் தன்பாலீர்ப்பு கௌபாய் காதல் கதை என்று ஒரு தனி வகையே இருக்கிறது. மின்னூல் பரவிய பிறகு, அதாவது 2000களின் பின்பாதியிலிருந்து, அது வேகமாக வளர்ந்தது. அதில் மறுபடி மறுபடி வருகிற கதை இது. ஒரே கதையை எத்தனை தடவைதான் எழுதுவார்கள் என்று கேட்கிறவர்கள் உண்டு. எனக்கென்னவோ, இத்தனை பேர் ஒரே கதையைத் திரும்பத் திரும்ப எழுதினால் அதில் அவர்களுக்குத் தீராத ஏதோ ஒன்று இருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. யார் யாரை விரும்புகிறார்கள் என்பது முதல் இரண்டு அத்தியாயத்திலேயே தெரிந்துவிடும். அந்த விருப்பத்தோடு பிறந்த மண்ணிலேயே இருக்க விடுவார்களா என்ற கேள்விதான் மிச்சப் பக்கங்களை நிரப்புகிறது. நிலம் யாருக்குப் போகிறது, எப்படிப் போகிறது, யாருக்குப் போகாமல் தடுக்கப்பட்டது என்ற வரலாறு தெரிந்தால் இந்தக் கதைகள் வேறு மாதிரிப் படிக்கக் கிடைக்கும்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த அந்தச் சிறுகதையிலிருந்து தொடங்கலாம். ஆனி ப்ரூ எழுதிய ‘ப்ரோக்பேக் மவுண்டன்’ 1997 அக்டோபரில் ‘நியூயார்க்கர்’ இதழில் வந்தது, 2005ல் ஆங் லீ அதைப் படமாக்கினார். 1963ல் வயோமிங் மலையில் ஆடு மேய்க்கப் போகும் என்னிஸ், ஜாக் என்ற இரண்டு இளைஞர்கள், இருபது வருஷம் ஒளிந்து ஒளிந்து சந்திப்பது, கடைசியில் ஜாக்கின் சாவு. பொதுவாக நினைவில் நிற்பது அந்த மலையும் கடைசியில் வரும் சட்டையும்தான். ஆனால் கதையில் இரண்டு ரான்ச்சுகள் இருக்கின்றன, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. என்னிஸின் பெற்றோர் கார் விபத்தில் சாகும்போது பிள்ளைகளுக்கு விட்டுப்போவது 24 டாலர் ரொக்கமும், இரண்டு முறை அடமானம் வைத்த ஒரு ரான்ச்சும். அது கைவிட்டுப் போகிறது, அதனால்தான் அவன் வாழ்நாள் முழுக்க அடுத்தவர் மாட்டுக்குக் கூலி வேலை செய்கிறான். ஜாக்குடைய அப்பா அம்மாவுக்கு வடக்கே ஒரு வறண்ட சிறு ரான்ச் இருக்கிறது. ஜாக் செத்த பிறகு என்னிஸ் அங்கே போகிறான், அப்போது அந்தக் கிழவர் சொல்கிறார்: என்னிஸை ஒரு நாள் இங்கே கூட்டி வந்து, இருவருமாக இந்த ரான்ச்சைச் சரிபண்ணப் போகிறோம் என்று மகன் சொல்லிக்கொண்டே இருப்பானாம்.

ஜாக் கேட்டது அவ்வளவுதான். சேர்ந்து ஒரு சிறிய மாட்டுப் பண்ணை. என்னிஸ் மறுக்கக் காரணம், ஊரில் அப்படிச் சேர்ந்து ரான்ச் வைத்திருந்த இரண்டு கிழவர்களில் ஒருவருடைய பிணத்தை, ஒன்பது வயதில், அவனுடைய அப்பாவே கூட்டிப்போய்க் காட்டியிருந்தார். இதைத்தான் செய்வார்கள் என்று பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த மாதிரி. காதலிப்பது ஆபத்து என்பதற்கும் மேலாக, அந்தக் கதையில் ஆபத்தாக இருப்பது இரண்டு ஆண்கள் ஊரறிய ஒரே வேலிக்குள் சேர்ந்து வாழ்வது.

கதை அச்சாகி ஏறக்குறைய ஒரு வருஷம் ஆனபோது, 1998 அக்டோபரில், வயோமிங்கின் லாரமி ஊரில் மேத்யூ ஷெப்பர்ட் என்ற 21 வயதுப் பல்கலைக்கழக மாணவரை ஊருக்கு வெளியே கூட்டிப்போய் அடித்து, வேலியில் கட்டிப்போட்டுவிட்டுப் போனார்கள். ஆறு நாள் கழித்து அவர் இறந்தார். அந்தக் கதையை வெறும் புனைவு என்று சொல்ல அதற்கப்புறம் யாருக்கும் முடியவில்லை. வெறுப்புக் குற்றங்களுக்கு எதிரான கூட்டாட்சிச் சட்டத்தில் அவர் பெயரும் சேர்க்கப்பட 2009 வரை ஆனது.

அதே 2009ல் ஒரு பேட்டியில் ஆனி ப்ரூ அந்தக் கதையை எழுதியிருக்கவே வேண்டாம் என்கிற அளவுக்குச் சலித்துக்கொண்டார். வாசகர்கள் முடிவை மாற்றி எழுதி அவருக்கே அனுப்பிக்கொண்டிருந்தார்களாம், ஜாக் சாகாமல் இருந்திருந்தால், என்னிஸுக்கு இன்னொருவர் கிடைத்திருந்தால் என்றெல்லாம். கதை அந்த இருவரைப் பற்றியது இல்லை, அந்த ஊரைப் பற்றியது, அங்கே ஊறிப்போன வெறுப்பைப் பற்றியது என்பது அவர் வாதம். எழுத்தாளராக அவர் சொல்வது சரி. ஆனாலும் முடிவை மாற்றி எழுதியவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் அந்தக் கதையில் நிறைவேறாமல் போன ஆசை எது என்பதைச் சரியாகக் கண்டுபிடித்தார்கள். ஜாக் கேட்ட அந்தச் சிறிய ரான்ச்சைத்தான், அப்பாவிடமிருந்து வந்திருக்க வேண்டிய அந்த ரான்ச்சைத்தான், இன்று வரும் நூற்றுக்கணக்கான நாவல்கள் யாரோ ஒரு ஜாக்குக்கும் யாரோ ஒரு என்னிஸுக்கும் எழுதிக் கொடுக்கின்றன. காதல் நாவல் என்ற வகைக்கு இன்பமான முடிவு கட்டாயம், அந்த விதி இங்கே மண்ணோடு சேர்ந்து வருகிறது.

கௌபாய் என்றாலே ஆண்மையின் சின்னம், அதற்குள் தன்பாலீர்ப்பு எப்படி என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னப் பின்னணி. 1865ல் உள்நாட்டுப் போர் முடிந்ததிலிருந்து முள்கம்பி வேலி எல்லாவற்றையும் அடைத்த 1880களின் கடைசி வரை, ஏறக்குறைய இருபத்தைந்து வருஷம்தான் கௌபாய்களின் நிஜமான காலம். டெக்ஸஸிலிருந்து மாடுகளை மாதக்கணக்கில் நடத்திக் கன்சாஸ் ரயில் நிலையங்களுக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். வேலைக்காரர்கள் எல்லோரும் இளைஞர்கள், பெரும்பாலும் கல்யாணம் ஆகாதவர்கள், அவர்களில் கறுப்பினத்தவரும் மெக்சிகர்களும் கணிசம். பெண்ணே இல்லாத அந்த முகாம்களில் ஆணும் ஆணும் ஒரே போர்வையில் படுப்பதும், நடனம் என்று வந்தால் ஒருவர் கையில் கைக்குட்டை கட்டிக்கொண்டு பெண்ணுக்குரிய இடத்தில் ஆடுவதும் சகஜம். இதெல்லாம் தன்பாலீர்ப்புக்குச் சாட்சி என்று சொல்லிவிட முடியாது, குளிருக்குப் போர்வை பகிர்வது குளிருக்காகத்தான். ஆனால் இருந்தவர்களுக்கு அங்கே இடம் இருந்தது. பாலியல் ஆய்வாளர் ஆல்ஃபிரட் கின்சி 1948ல் வெளியிட்ட ஆய்வில், தொலைதூரக் கிராமப்புறங்களில் ரான்ச்காரர்கள், மாட்டுக்காரர்கள், சுரங்கம் தேடிப் போனவர்கள், மரம் வெட்டுகிறவர்கள் நடுவே ஆண்–ஆண் உறவு கணிசமாக இருப்பதை எழுதினார். அவர்கள் அதற்குப் பெயர் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை, அது தங்களை ஆண்மை குறைந்தவர்களாக ஆக்கும் என்றும் நினைக்கவில்லை. வேலை செய்கிறானா, வாயை மூடிக்கொண்டு இருக்கிறானா, இரண்டும் சரி என்றால் ஊர் கண்டுகொள்ளாது.

கண்டுகொள்ளாமல் இருப்பது வேறு, உரிமை கொடுப்பது வேறு. மொன்டானாவில் ஆண்கள் உறவைக் குற்றமாக்கிய சட்டம் 1997ல்தான் மாநில உச்ச நீதிமன்றத்தால் செல்லாததாக்கப்பட்டது. டெக்ஸஸ் உள்பட மிச்சமிருந்த மாநிலங்களில் 2003 வரை அப்படிப்பட்ட சட்டம் செல்லுபடியாக இருந்தது. மெளனமாக இருக்கும்வரை பொறுத்துக்கொள்வோம் என்ற அந்த ஏற்பாடு ஒரு கூலிக்காரனுக்குக் காலம் தள்ளப் போதும். நிலத்துக்குச் சொந்தக்காரனாக, பத்திரத்தில் இரண்டு பேர் பெயரோடு வாழ்வதற்குப் போதாது.

சரி, நிலத்துக்கு வருவோம். கதையில் ரான்ச் ஏன் எப்போதும் அப்பாவிடமிருந்தோ தாத்தாவிடமிருந்தோ வருகிறது, ஒருவன் உழைத்துச் சேர்த்து வாங்கக் கூடாதா? இன்றைக்கு முடியாது, ஏறக்குறைய முடியவே முடியாது என்பதுதான் பதில். 1862ல் வந்த ஹோம்ஸ்டெட் சட்டம் ஐந்து வருஷம் தங்கிப் பயிர் செய்தால் 160 ஏக்கர் இலவசம் என்றது. அயோவாவில் 160 ஏக்கர் ஒரு குடும்பத்துக்குச் சோறு போடும். வயோமிங்கில் மழை குறைவு, அங்கே அது எதற்கும் காணாது. அதனால் 1909ல் 320 ஏக்கர் ஆக்கினார்கள், 1916ல் மாடு வளர்ப்புக்கென்று 640 ஏக்கர் கொடுத்தார்கள், அப்போதும் நிலத்தடிக் கனிமங்களை அரசு தன்னிடமே வைத்துக்கொண்டது. வறண்ட மேய்ச்சல் காட்டில் ஒரு மாட்டுக்கும் கன்றுக்கும் வருஷத்துக்கு முப்பது நாற்பது ஏக்கர் தேவைப்படும் இடங்கள் உண்டு. ஒரு குடும்பம் மாட்டை மட்டுமே நம்பிப் பிழைக்க இருநூறு முந்நூறு மாடாவது வேண்டும் என்றால் எத்தனை ஆயிரம் ஏக்கர் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த அளவு நிலத்தின் விலையை மாடு விற்றுக் கட்டவே முடியாது, அதுவும் மலையும் ஆறும் தெரிகிற நிலமென்றால் நகரத்துக் கோடீஸ்வரர்கள் ஓய்வு வீட்டுக்காக வாங்கிக் குவித்து விலை எங்கோ போய்விட்டது. மிச்சம் இருப்பது இரண்டே வழிதான், பிறப்பு அல்லது கல்யாணம்.

இதில்தான் தன்பாலீர்ப்பு உள்ள பிள்ளைக்கு அடி இரண்டு பக்கமும் விழுந்தது. பிறப்பால் வரவேண்டிய நிலத்தை அப்பா மறுக்கலாம். கல்யாணத்தால் வரக்கூடிய நிலத்தைச் சட்டம் மறுத்தது. அதனால் கிராமத்துப் பையன்கள் டென்வருக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் போனார்கள். சுதந்திரம் தேடிப் போனார்கள் என்று எழுதுவது வழக்கம், அதுவும் உண்மைதான். ஆனால் மாடு, குதிரை, வேலி, வானிலை தவிர வேறெதுவும் பிடிக்காத ஒருவனுக்கு நகரம் என்பது நாடு கடத்தல் மாதிரி. அவன் ஆசைப்பட்டது இரண்டும் ஒரே இடத்தில் கிடைப்பதற்கு.

‘ஊர் திரும்புதல்’ என்பதற்கு 1980களிலும் 90களிலும் இன்னொரு அர்த்தமும் இருந்தது, இந்த நாவல்கள் அதைத் தொடுவதே இல்லை. எய்ட்ஸ் நோயோடு நகரங்களிலிருந்து பல இளைஞர்கள் பெற்றோர் வீட்டுக்குத் திரும்பினார்கள், கடைசி மாதங்களைக் கழிக்க. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன ஆபிரகாம் வர்கீஸ், டென்னசியின் ஒரு சிறு நகரத்தில் அந்த நோயாளிகளைப் பார்த்தவர். வரைபடத்தை விரித்து வைத்து ஒவ்வொருவரும் எங்கிருந்து வந்தார் என்று குறித்தபோது, அவர்களில் பெரும்பாலோர் ஊரைவிட்டுப் போய், நகரத்தில் தொற்று வாங்கித் திரும்பி வந்தவர்கள் என்று கண்டுபிடித்து எழுதினார். டென்னசி கௌபாய் நாடு இல்லை, ஆனாலும் அமெரிக்கக் கிராமப்புறம் முழுக்க அந்தத் தலைமுறைக்கு நடந்தது இதுதான். அதற்கடுத்த தலைமுறையில், திரும்பி வருகிறவன் வாழ்வதற்காக வருகிறான் என்று ஒரு கதை எழுதப்பட்டால், அந்தத் திரும்புதலின் எடை எனக்கு வேறு மாதிரி தெரிகிறது.

வாரிசாக வருகிறவனுக்கு உண்மையில் என்னதான் கிடைக்கிறது? நாவல்களில் வீடும் நிலமும் குதிரையும் சொல்லப்படும். நிஜத்தில் பட்டியல் விசித்திரமானது. மாட்டின் மேல் போடும் சூட்டுக்குறி ஒரு சொத்து, மாநில அலுவலகத்தில் பதிவானது, விற்கலாம், உயிலில் எழுதலாம். மொன்டானாவில் பத்து வருஷத்துக்கு ஒரு முறை அதைப் புதுப்பிக்க வேண்டும், மறந்தால் நூறு வருஷக் குடும்பக் குறி வேறொருவர் கைக்குப் போகக்கூடும். தண்ணீர் உரிமை தனிச் சொத்து, யார் முதலில் அந்த ஓடையிலிருந்து தண்ணீர் எடுத்தார்களோ அவர்களுக்கே முதல் உரிமை, அதனால் 1880களில் வாங்கிய உரிமை வறட்சி வருஷத்தில் பொன். அப்புறம் மேய்ச்சல் அனுமதி. மேற்கு மாநிலங்களில் பல ரான்ச்சுகள் சொந்த நிலத்தைவிட அதிகமாக அரசு நிலத்தை நம்பி இருப்பவை. 1934ல் வந்த டெய்லர் மேய்ச்சல் சட்டத்தின் கீழ், ஒரு மாடும் கன்றும் ஒரு மாதம் மேய இவ்வளவு என்று கட்டணம், 2019லிருந்து பல வருஷம் அது 1.35 டாலராகவே இருந்தது. தனியார் நிலத்தில் அதைப்போலப் பல மடங்கு கேட்பார்கள். அந்த அனுமதி தானாக மகன் கைக்கு வந்துவிடாது, சொந்த நிலத்தோடு ஒட்டியது என்பதால் நிலம் கைமாறியதும் புதிய உரிமையாளர் விண்ணப்பம் போட்டு மாற்றிக்கொள்ள வேண்டும்.

அந்தப் பட்டியலில் கடனும் உண்டு. வசந்த காலத்தில் வங்கியில் வாங்கி, இலையுதிர் காலத்தில் கன்று விற்றுக் கட்டும் கடன், வருஷத்துக்கு ஒரே ஒரு சம்பள நாள். நிலத்தின் மதிப்பு கோடிகளில் இருக்கும், கையில் டிராக்டர் டயர் வாங்கக் காசு இருக்காது. நாவல்களில் வில்லனாக அடிக்கடி வருவது வாரிசு வரி. அதை இன்றைய நிலவரம் தெரியாமல் எழுதுகிறார்கள் என்றுதான் சொல்வேன். 2025ல் ஒருவருடைய சொத்து ஏறக்குறைய 1.4 கோடி டாலரைத் தாண்டினால்தான் கூட்டாட்சி வாரிசு வரி இருந்தது, மொன்டானாவிலும் வயோமிங்கிலும் மாநில வாரிசு வரியே கிடையாது. ரான்ச் உடைவது பெரும்பாலும் வரியால் இல்லை, கூடப் பிறந்தவர்களால். மூன்று பிள்ளைக்கும் சமமாக எழுதிவைத்துவிட்டு அப்பா போய்விடுவார். ஒருவன் அங்கேயே உழைக்கிறான், மற்ற இருவர் வெளியூரில். கூட்டு உரிமையாளர் யார் வேண்டுமானாலும் பாகப்பிரிவினை வழக்குப் போடலாம், முடிவில் ஏலம் வரை போகலாம். நம்மூரில் பங்காளிச் சண்டை பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. நல்ல நாவல்கள் இந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன: வெளியூரில் இருந்து வந்தவன்தான் விற்கத் துடிக்கும் பங்காளி, உள்ளே இருந்து உழைத்தவன் ரத்த சம்பந்தமே இல்லாத கூலிக்காரன், சட்டம் முன்னவன் பக்கம், நியாயம் பின்னவன் பக்கம்.

உயிலில் நிபந்தனை வருவதும் கற்பனை இல்லை. ஒரு வருஷம் இங்கே தங்கினால்தான் சொத்து என்பது மாதிரி அறக்கட்டளை வழியாக எழுதிவைக்க அமெரிக்கச் சட்டம் பெரும்பாலும் இடம் கொடுக்கிறது. கதைக்கு அது வசதி, இருவரையும் ஒரே கூரையின் கீழ் பிடித்துவைக்கிறது.

இதையெல்லாம்விட என்னை அதிகம் பாதித்தது ஓக்லஹோமாவில் நடந்த ஒரு வழக்கு. இரண்டு ஆண்கள் இருபது வருஷத்துக்கு மேல் ஒரு ரான்ச்சில் சேர்ந்து வாழ்ந்தார்கள். ஒருவருடைய முந்தைய மணவாழ்க்கையில் பிறந்த மகன்களை இருவருமாக வளர்த்தார்கள். நிலம் மற்றவர் பேரில் இருந்தது, அவர் எல்லாவற்றையும் துணைவருக்கு உயில் எழுதிவைத்துவிட்டு இறந்தார். ஓக்லஹோமாவில் தட்டச்சு செய்த உயிலுக்கு இரண்டு சாட்சிக் கையெழுத்து வேண்டும். அதில் ஒன்றுதான் இருந்தது. இறந்தவருடைய தூரத்துச் சொந்தங்கள் வழக்குப் போட்டார்கள், உயில் செல்லாது என்று தீர்ப்பாகி, வேலி போட்டு மாடு பார்த்து மகன்களை வளர்த்த அந்த மனிதர் ரான்ச்சை இழந்தார். 2004ல் வந்த ஒரு ஆவணப்படத்தில் அவர் கௌபாய் தொப்பியோடு உட்கார்ந்து இதைச் சொல்கிறார். கணவன் மனைவியாக இருந்திருந்தால், உயிலே இல்லாவிட்டாலும் சட்டம் பங்கு கொடுத்திருக்கும். ஒரு கையெழுத்து குறைந்ததற்காக ஒருவருடைய பாதி ஆயுசு கணக்கில் வராமல் போனதை என்னால் லேசில் கடந்துபோக முடியவில்லை.

ஒருபாலினத் திருமண வழக்கின் திருப்புமுனையே ஒரு சொத்து வழக்குதான். நியூயார்க்கில் ஈடித் வின்ட்சர், நாற்பது வருஷத் துணைவி 2009ல் இறந்தபோது, மனைவியாகக் கூட்டாட்சிச் சட்டம் ஏற்காததால் 3,63,053 டாலர் வாரிசு வரி கட்ட நேர்ந்தது. அவர் தொடுத்த வழக்கில் 2013 ஜூன் 26ல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. சரியாக இரண்டு வருஷம் கழித்து அதே தேதியில் நாடு முழுக்கத் திருமண உரிமை வந்தது. வயோமிங்கிலும் மொன்டானாவிலும் அதற்குச் சில மாதம் முன்பே, 2014 அக்டோபர், நவம்பரில், கூட்டாட்சி நீதிமன்ற உத்தரவுகளால் வந்துவிட்டது. காதல் நாவல்களில் கல்யாணத்தோடு கதை முடிந்தால் சிலர் பழமைவாதம் என்று முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஓக்லஹோமா வழக்கைத் தெரிந்துகொண்டு படித்தால் அப்படித் தோன்றாது. அந்தக் கல்யாணப் பத்திரம் நிலப்பத்திரத்துக்குக் காப்பு.

சட்டம் ஒன்று, ஊர் இன்னொன்று. ஊர் ஏற்றுக்கொண்டதா என்பதை ஒரு ரான்ச்சில் எப்படித் தெரிந்துகொள்வது? சூடு போடும் நாளில். மே, ஜூன் மாதத்தில் அந்த வருஷத்துக் கன்றுகளை ஒரு பட்டியில் அடைப்பார்கள். குதிரைமேல் இருப்பவர் கன்றின் பின்னங்கால்களில் கயிற்றை வீசிப் பிடித்து, நெருப்பு இருக்கும் இடத்துக்கு இழுத்து வருவார். இரண்டு பேர் பாய்ந்து கன்றைச் சாய்ப்பார்கள், ஒருவர் முன்னங்காலை மடக்கிக் கழுத்தில் முழங்காலை வைப்பார், இன்னொருவர் புழுதியில் உட்கார்ந்து ஒரு பின்னங்காலை இழுத்துப் பிடித்து இன்னொன்றைப் பூட்ஸால் தள்ளிப் பிடிப்பார். ஒருவர் சூடு வைக்க, ஒருவர் ஊசி போட, ஒருவர் காயடிக்க, ஒரு நிமிஷத்தில் கன்று எழுந்து தாயிடம் ஓடிவிடும், அடுத்தது வரும். முந்நூறு கன்று இருந்தால் பதினைந்து இருபது பேர் வேண்டும், கூலிக்கு ஆள் வைப்பதில்லை. அக்கம்பக்கத்து ரான்ச்சுக்காரர்கள் வருவார்கள், அவர்கள் நாளுக்கு நீங்கள் போவீர்கள், முடிந்ததும் எல்லோருக்கும் வீட்டில் சாப்பாடு. யாரும் வரவில்லை என்றால் அந்த ரான்ச் நடக்காது. இந்த வகையில் நன்றாக எழுதப்பட்ட நாவல்களில் உச்சக்கட்டம் முத்தத்தில் இருக்காது, அந்தக் காலையில் எத்தனை பிக்கப் வண்டி வாசலுக்கு வருகிறது என்பதில் இருக்கும். சொல்லாமல் வந்து நிற்கும் பக்கத்து ரான்ச்சுக் கிழவர், இரண்டு ஆண்களும் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் ஒரு கன்றைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அடுத்த கயிற்றை எடுப்பது. அந்த ஊர்களில் சம்மதம் அப்படித்தான் சொல்லப்படும்.

ஊர் வராதபோது தங்களுக்கென்று ஒரு ஊரைக் கட்டியவர்களும் உண்டு. 1976ல் நெவாடாவின் ரீனோவில் ஃபில் ராக்ஸ்டேல் என்பவர், உள்ளூர் முதியவர்களுக்கான தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு நிதி திரட்ட, தன்பாலீர்ப்பாளர்களுக்கான முதல் ரோடியோவை, அதாவது மாடு பிடிக்கும், குதிரை ஓட்டும் கௌபாய் போட்டியை, நடத்தினார். உள்ளூர் ரான்ச்சுக்காரர்களிடம் மாடு கேட்டால் யாரும் கொடுக்கவில்லை, எங்கெங்கோ அலைந்து சில மாடு கன்றுகளைத் தேடிப் பிடித்துத்தான் நடத்த முடிந்தது. 1985ல் சர்வதேச அமைப்பாகவே ஆனது. காளை மாட்டின் வாலில் ரிப்பன் கட்டுவது, ஆட்டுக்கு ஜட்டி மாட்டிவிடுவது என்று அதற்கே உரிய விளையாட்டுகள் உண்டு, எல்லாப் போட்டியிலும் ஆணும் பெண்ணும் கலந்துகொள்ளலாம். 1988ல் நெவாடாவின் ஃபாலன் ஊரில் இறுதிப் போட்டி நடக்கவிருந்தபோது, நீதிமன்ற உத்தரவு வாங்கிக் கடைசி நேரத்தில் நிறுத்தினார்கள். அந்த மைதானங்களுக்கு வந்தவர்களில் பலர் நகரத்தில் வேலை பார்த்துக்கொண்டு, குதிரையையும் சேணத்தையும் விடமுடியாத ரான்ச்சுப் பிள்ளைகள்.

இந்த நாவல்களைப் பெரும்பாலும் எழுதுவதும் படிப்பதும் பெண்கள். ஆண்–ஆண் காதலைப் பெண்கள் பெண்களுக்காக எழுதுவதில் சிக்கல் உண்டு என்று தன்பாலீர்ப்பு ஆண்கள் சிலர் சொல்கிறார்கள். அந்தக் குறை நியாயமானது, குறிப்பாக ரான்ச் வெறும் திரைச்சீலையாக, கதாநாயகர்கள் சட்டை இல்லாமல் வேலி சரிபார்ப்பதற்கு மட்டும் இருக்கும்போது. பிப்ரவரி இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து, முதல் ஈற்றுக் கிடேரிகளை டார்ச் அடித்துப் பார்த்து, உறைந்துபோன கன்றைப் பிக்கப்பின் ஹீட்டர் பக்கத்தில் கிடத்திக்கொண்டு வருவது எழுதப்பட்டிருந்தால் அந்த எழுத்தாளரை நம்பலாம். அந்தத் தூக்கமில்லாத வேலையைப் பகிர்ந்துகொள்வதில் இரண்டு பேருக்குள் என்ன நடக்கும் என்பது எந்த வசனத்தையும்விட எனக்கு நம்பும்படி இருக்கிறது.

இன்னொரு குறையை நான் பெரிதாக நினைக்கிறேன். ‘ஐந்து தலைமுறையாக எங்கள் நிலம்’ என்று கதாநாயகன் சொல்லும்போது அதற்கு முன்னால் அது யாருடையது என்று எந்தப் பக்கத்திலும் வருவதில்லை. அது க்ரோ, லக்கோட்டா, ஷோஷோனி, ஷயான் என்ற பூர்வகுடி மக்களின் நிலம். க்ரோ மக்களிடையே ஆணாகப் பிறந்து பெண்களின் உடையும் வேலையும் ஏற்று மதிப்போடு வாழ்ந்தவர்களுக்கு ஒரு நிலையான இடம் இருந்தது. அவர்களில் ஒருவரான ஓஷ்–டிஷ் 1876ல் ரோஸ்பட் போரில் சண்டையிட்டவர். பின்னால் அரசு அதிகாரி ஒருவர் அவர் முடியை வெட்டி ஆண் உடை போடக் கட்டாயப்படுத்தினார். அதாவது தன்பாலீர்ப்புக்காரனை ஊரைவிட்டுத் துரத்தும் வழக்கமும், அவன் திரும்பி வந்து கேட்கிற அந்த நிலப்பத்திரமும், ஏறக்குறைய ஒரே காலத்தில் ஒரே கைகளால் அங்கே கொண்டுவரப்பட்டவை. ஊர் திரும்பும் ஒரு க்ரோ இளைஞனை மையமாக வைத்து இந்தக் கதையை எழுதினால் அது முற்றிலும் வேறு கதையாக இருக்கும், அதைப் படிக்க நான் காத்திருக்கிறேன்.

அப்புறம், இந்த வகை இதுவரை அதிகம் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. 2022 விவசாயக் கணக்கெடுப்பின்படி அமெரிக்க விவசாயிகளின் சராசரி வயது 58.1. அடுத்த இருபது வருஷத்தில் ஏராளமான நிலம் கைமாறும். நாவலின் கடைசிப் பக்கத்தில் சேர்ந்து வாழத் தொடங்கிய அந்த இரண்டு ஆண்களும் அந்த வயதுக்கு வருவார்கள், அப்போது ரான்ச் யாருக்கு? தத்துப் பிள்ளைக்கா, மாடு பிடிக்கும் அண்ணன் மகளுக்கா, பத்து வருஷமாகச் சம்பளத்தில் ஒரு பகுதியை மாடாக வாங்கிச் சேர்த்துக்கொண்டிருக்கும் இளம் வேலையாளுக்கா, அல்லது வீட்டுமனையாக்கும் உரிமையை மட்டும் ஒரு நிலப் பாதுகாப்பு அறக்கட்டளைக்குக் கொடுத்து, விலையைக் குறைத்து, மாடு வளர்க்கிற எவரோ ஒருவர் வாங்கும்படி செய்வதா? நான்குமே இன்று அங்கே நிஜமாக நடக்கிற ஏற்பாடுகள், நான்கிலும் ஒவ்வொரு நாவல் இருக்கிறது.